தன்வரம்புச் சமனிலி: ஒரு பெயராராய்ச்சி

தமிழ் பயில்வார்க்கும் உயர்கணிதத்திற்கும் என்ன உறவு என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கண்ட அளவிலே நகைப்பார் சிலர் உளராவர். அவர் நகைப்பது முறையே. யாம் சிறப்புத் தமிழ் வகுப்பினேம். பள்ளியை விட்டபின் கணித ஏடு ஒன்றையும் திறந்தறியேம். எனினும் இவ்வாண்டு எம் கல்லூரிக் கணிதக் கழகத்தார் தம் கண்காட்சிக்கெனத் தீட்டிய பலகைகளுள் ஒன்றற்கு நல்ல தமிழ்ப்பெயர் வேண்டுமென்று எம்மை நாடினர். அப்பலகையின் தலையில் 'குவாசி வேரியேஷனல் இனீக்குவாலிட்டி' என்று எழுதியிருந்தது. மூன்று சொற்களுள் ஈற்றுச்சொல் ஒன்றே எமக்கு விளங்கிற்று. பொருளறியாது பெயரிடுதல் குழந்தையைக் காணாது ஞானஸ்நானம் கொடுப்பதை ஒக்கும் ஆகலின், முதலில் பொருளைச் சொல்லுக என்று எம் அறைத்தோழரை வேண்டினேம். அவர் கணித வகுப்பினர். மாலைதோறும் விடுதித் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல யாம் கேட்டவற்றை எம் சொற்களில் இங்கே தருகின்றேம்.

குழிந்த பாத்திரம் ஒன்றில் கோலிக்குண்டு ஒன்றை இட்டால் அஃது உருண்டு அடியில் நிற்கும். நின்ற இடத்தில் சரிவு இல்லை. 'சரிவு பூச்சியத்திற்குச் சமம்' என்று எழுதினால் அதுவே சமன்பாடு. அதனைத் தீர்த்தால் குண்டு நிற்கும் இடம் கிடைக்கும். இனி, ஒரு பக்கமாகச் சரிந்த புல்வெளியை வேலியால் வளைத்து அதனுள் அக்குண்டை விடுவோமாயின், அஃது உருண்டு சென்று வேலியில் முட்டி நிற்கும். அங்கே சரிவு பூச்சியமன்று. இன்னும் கீழே போகவே அது முனைகின்றது, வேலி விடுவதில்லை. ஆயினும் ஒன்று மட்டும் துணிந்து கூறலாம்: வேலிக்குள் எப்பக்கம் நகர்த்தினாலும் குண்டு மேலேறும், அன்றி அம்மட்டத்தில் நிற்கும்; கீழிறங்காது. ஆகவே 'பூச்சியத்திற்குச் சமம்' என்பது நீங்கி, அதன் இடத்தில் 'பூச்சியத்திற்குக் குறையாதது' என்பது வந்து அமர்கின்றது. சமம் நீங்கினமையின் இது சமனிலி ஆயிற்று. நின்ற நிலையினின்று சற்றே மாறினால் என்னாகும் என்று வினவி விடை காண்பதாகலின் மாறுபாட்டுச் சமனிலி ஆயிற்று. இவ்வளவில் எமக்கு இடர்ப்பாடு ஒன்றும் இல்லை.

இத்துறை பிறந்த கதையை எம் தோழர் ஒருநாள் உரைத்தார். அதனைச் சொல்லாது விட எமக்கு மனமில்லை. இத்தாலி நாட்டு அந்தோனியோ சின்யோரினி என்னும் முதுபெரும் பேராசிரியர் 1959-இல் உரோமை நகரில் நிகழ்த்திய விரிவுரைகளில் ஒரு வினாவை எழுப்பினார். அழுத்தினால் நசுங்கி, விட்டால் பழைய வடிவுறும் இயல்புடைய ஒரு பொருளை, வழவழப்பான கெட்டித் தளத்தின்மேல் வைத்தால் அது தன் எடையால் எவ்வடிவம் கொள்ளும் என்பது அவ்வினா. கேட்பதற்கு எளிது. ஆனால் பொருள் தளத்தைத் தொடும் இடத்தில் தளம் அதனைத் தாங்கி மேல்நோக்கி அழுத்தும். தொடாத இடத்தில் அழுத்தம் இல்லை. எவ்விடம் தொடும், எவ்விடம் தொடாது என்பதோ விடை கண்ட பின்னரே தெரியும். இதனால் இவ்வெல்லை விதிகளை ஐயத்திற்கு இடமானவை என்றே அவர் குறித்தார். அவருடைய மாணாக்கராகிய காயெதானோ பிக்கேரா இதனை எடுத்துக்கொண்டு, விடை உண்டு, அதுவும் ஒன்றே உண்டு என்று 1963 சனவரியில் நிறுவினார். அப்போது ஆசிரியர் மரணப்படுக்கையில் இருந்தார். தம் மாணாக்கர் தமக்குத் தந்த இம்மகிழ்ச்சியே தம் வாழ்நாளில் தாம் பெற்றவற்றுள் மிகப் பெரிது என்று அவர் தம் மருத்துவரிடம் கூறினாராம். அடுத்த மாதமே அவர் உயிர் நீத்தார். அதற்கு அடுத்த ஆண்டு கீதோ ஸ்தம்பாக்கியா என்னும் மற்றோர் இத்தாலியர் இத்தகைய சமனிலிகளுக்குப் பொதுக் கோட்பாடு ஒன்றை வெளியிட்டார்; அவரும் பிரெஞ்சு நாட்டு ஜாக் லூயி லியோன்ஸும் சேர்ந்து எழுதிய 1967-ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறைக்கு அடிப்படை நூல்போல் விளங்குகின்றது.

இதுகாறும் கூறியவற்றில் வேலி பிறர் இட்ட வேலி. சின்யோரினியின் தளம், அதன்மேல் என்ன வைத்தாலும் அசையாது. இனி 'குவாசி' என்னும் அடைமொழிக்கு வருவோம். 1973-இல் மேற்சொன்ன லியோன்ஸும் அலேன் பென்சூசானும் ஆராயத் தொடங்கிய சமனிலிகளில், குண்டு நிற்கும் இடத்தைப் பொறுத்து வேலியே நகர்கின்றது. நீ இங்கே நின்றால் உன் எல்லை இது. அங்கே நின்றால் உன் எல்லை வேறு. இவ்வாறான நிலையில் விடை என்பது யாது? தான் நிற்பதால் எழுந்த வேலிக்குள்ளேயே தான் இருத்தல் வேண்டும்; அவ்வேலிக்குள் தன்னினும் தாழ்ந்த இடம் வேறு இருத்தலும் ஆகாது. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்திய இடமே விடை.

இதனைக் கேட்டபோது எமக்குத் தலை சுற்றிற்று. வரம்பைக் கொண்டு விடை காண வேண்டும். விடையைக் கொண்டே வரம்பு காண வேண்டும். இது விளையாட்டு வினாவன்றோ, உலகில் இத்தகைய கணக்கு எங்கே உளது என்று தோழரை மடக்கினேம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "உம் வீட்டுக் கடையிலே உளது" என்றார்.

எம் தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்னர் எம் அன்னையார் ஊரில் ஒரு பலசரக்குக் கடை நடத்தி வருகின்றனர். எம் ஊர் பெருவழியினின்று உள்ளே ஒதுங்கியது. நகரத்திற்குச் சென்று அரிசி கொண்டுவர வேண்டுமாயின் குட்டியானை என ஊரார் வழங்கும் சிறு சரக்கு வண்டியை அமர்த்த வேண்டும். 5 சிப்பம் ஏற்றினாலும் 25 சிப்பம் ஏற்றினாலும் வண்டி வாடகை 800 ரூபாய்தான். அன்னையார் நெடுநாளாகக் கைக்கொண்டுள்ள வழக்கம் ஒன்று உண்டு. கடையில் 6 சிப்பம் எஞ்சும் வரையில் வாளா இருப்பார். 6 ஆனவுடன் வண்டி அமர்த்தி 30 ஆக நிரப்புவார். ஏன் 6, ஏன் 30 என்று ஒரு விடுமுறையில் கேட்டேம். "ஆறுக்குக் கீழே போனா எனக்கு மனசு கேக்காது, முப்பதுக்கு மேலே வாங்கினா வண்டு கேக்காது" என்றார். இதற்குமேல் விளக்கம் அவரிடம் இல்லை.

எம் தோழர் தந்த விளக்கம் வருமாறு. அரிசியின் விலையை இங்கே ஒதுக்கிவிடலாம். என்றைக்கு வாங்கினும் அது கொடுக்க வேண்டியதே. மற்றைச் செலவுகளோ மூன்று. சரக்கு மிகுந்திருந்தால் வண்டு விழும், கடன் வட்டியும் ஏறும். சரக்கு தீர்ந்துபோனால் வருபவர் அடுத்த கடைக்குப் போவர். போனவருட் சிலர் மீளார். மூன்றாவது வண்டி வாடகை. இன்று கடையில் உள்ள சிப்பங்களோடு தொடங்கினால் இனிவரும் காலமெல்லாம் நேரக்கூடிய மிகக் குறைந்த செலவு இவ்வளவு என்று ஒவ்வோர் இருப்புக்கும் ஓர் எண் உளது என்க. அவ்வெண்ணுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அஃதாவது, இன்றே வண்டியமர்த்தி மிகவும் வாய்ப்பான அளவுக்குச் சரக்கை நிரப்பிக்கொள்ளும் வழி எப்போதும் திறந்தே இருக்கின்றது. ஆகலின் 800 ரூபாயும், அங்ஙனம் நிரப்பியபின் இனிவரும் காலத்துச் செலவும் ஆகிய இரண்டன் கூட்டுத்தொகையை அவ்வெண் தாண்டுதல் இயலாது. தாண்டாத வரையில் வாளா இருக்கலாம். தொட்டவுடன் வண்டி அமர்த்த வேண்டும். ஆனால் நிரப்பியபின் வருங்காலச் செலவு எவ்வளவு? அதனுள் அடுத்த வண்டியும் அதற்கடுத்த வண்டியும் அடங்கியுள்ளன. அவற்றை எப்போது அமர்த்துவது என்பதோ யாம் தேடும் விடையே. விடையைக் கட்டும் வரம்பு விடையினாலேயே ஆக்கப்பட்டிருக்கின்றது.

எம் கல்லூரிக் கட்டணம் அக்கடையினின்று வருவது. ஆதலின் 6, 30 என்னும் அவ்விரண்டும் எமக்கு வெறும் எண்களல்ல. கென்னத் ஆரோ முதலிய மூவர் 1951-இல் இத்தகைய சரக்கிருப்புக் கணக்கை ஆராய்ந்தனர். வண்டி வாடகைபோல் அளவினால் மாறாத செலவு ஒன்று உள்ளவிடத்து, கீழெண் ஒன்றும் மேலெண் ஒன்றும் வைத்துக்கொண்டு, கீழெண்ணை எட்டியவுடன் மேலெண் வரை நிரப்புதலே சிறந்த வழி என்பதனைத் தக்க நிபந்தனைகளோடு 1960-இல் ஹெர்பர்ட் ஸ்கார்ப் நிறுவினார். அன்னையாருக்கு இதனைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பின்னே வேறு எப்படிச் செய்வது என்றார்.

இனி, இத்தகைய வட்டக் கணக்குக்கு விடை உண்டென்பது எப்படித் தெரியும்? தானே இட்டுக்கொண்ட வரம்பு வரம்பாகுமா என்பது எம் உள்ளத்தை உறுத்திய வினா. தோழர் தந்த ஒரு சிறு கணக்கு இவ்வையத்தை மேலும் வளர்த்தது. 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு கோட்டில் நீர் நிற்கின்றீர் எனக் கொள்க. 5-க்குக் கீழே நின்றால் உமக்கு இசைந்த இடம் 6-உம் அதற்கு மேலும். 5-இலோ அதற்கு மேலோ நின்றால் உமக்கு இசைந்த இடம் 4-உம் அதற்குக் கீழும். எங்கே நின்றாலும் நின்ற இடம் உம் வேலிக்குப் புறம்பே கிடக்கும். இக்கணக்கிற்கு விடை இல்லவே இல்லை. குற்றம் யாதெனின், 5 என்னும் இடத்தில் வேலி திடீரெனத் தாவுகின்றது. வேலி வளைத்த இடம் குழிவும் பிளவும் இல்லாததாய், நிற்பவன் சிறிது நகரின் வேலியும் சிறிதே நகர்வதாய் அமையின், விடை பெரும்பாலும் உண்டு. இவ்வகை முடிபுகளுக்கு அடிநிலையாய் நிற்கும் தேற்றங்களுள் ஒன்று ஜப்பானியராகிய ககுத்தானி 1941-இல் வெளியிட்டது. லூக் தர்த்தார் என்பவர் 1974-இல் வேறொரு வழி கண்டார். ஊகத்தை உயர்த்தினால் வரம்பும் உயரும் இயல்புடைய கணக்குகளில் விடைகளுள் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் உண்டு என்பது அவ்வழியால் பெறப்படும்.

கடைக் கணக்கில் விடையை அணுகும் முறை எமக்கு மிகவும் இனித்தது. முதலில், வண்டியே அமர்த்தாத ஒருத்தியை நினைத்துக்கொள்க. அவள் செலவைக் கணக்கிடுவது எளிது. அங்கே வரம்பு இல்லை. அடுத்து, வாழ்நாளில் ஒரேயொரு முறை மட்டும் வண்டி அமர்த்தலாம் என்ற உரிமை பெற்றவளை நினைக்க. நிரப்பியபின் அவள் முதலாமவள் ஆகிவிடுவாள் ஆதலின் அவள் வரம்பு முன் கண்ட கணக்காலேயே தெரியும். அதன்பின் இருமுறை உரிமை பெற்றவள், அதன்பின் மும்முறை. ஒவ்வொருத்திக்கும் வரம்பு தருபவள் அவளுக்கு முன்னவள். உரிமை கூடக் கூடச் செலவு கூடாது. குறையும், அன்றி அவ்வளவில் நிற்கும். பூச்சியத்திற்குக் கீழேயும் போகாது. ஆகவே அவ்வரிசை ஓரிடத்தை நோக்கி இறங்கி அடங்கும். அடங்கும் இடமே எண்ணற்ற முறை உரிமை பெற்ற எம் அன்னையாரின் கணக்கு. தன்னையே நோக்கி நின்ற வட்டம் இவ்வாறு படிக்கட்டாக விரிகின்றது. பென்சூசானும் லியோன்ஸும் கையாண்ட வழி இதுவே. 1982-இல் அவர்கள் இப்பொருள்பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டனர்.

விடை இல்லாமை ஓர் இடர் எனின், விடை பலவாதல் மற்றோர் இடர். ஒரு வாய்க்காலில் நாளொன்றுக்கு 10 மணி நேரம் நீர் ஓடுகின்றது. இருபுறமும் இரண்டு உழவர். ஒவ்வொருவர்க்கும் வேண்டுவது 8 மணி நேர நீர். ஒருவர் எடுத்தது போக எஞ்சியதே மற்றவர்க்கு எல்லை. முன்னவர் 8 எடுத்தால் பின்னவரின் வேலி 2-இல் நிற்கும். அவர் 2 எடுத்தால் முன்னவரின் வேலி 8-இல் நிற்கும். இருவருள் எவரும் தனித்து முயன்று தம் நிலையைத் திருத்திக்கொள்ள இயலாது. ஆதலின் இது விடை. 5-உம் 5-உம் விடையே. 2-உம் 8-உம் விடையே. இடையில் எண்ணிறந்த விடைகள் கிடக்கின்றன. 4-உம் 4-உம் மட்டும் விடையன்று. 2 மணி நேர நீர் வீணே ஓடுகின்றமையின் ஒவ்வொருவரும் இன்னும் எடுக்கலாம்.

பிறர் செய்கையால் தம் எல்லை மாறும் இத்தகைய பலர்கூடு நிலைகளுக்கு விடை உண்டென்று 1952-இல் ஜெரார் தெப்ரு நிறுவினார். 1954-இல் அவரும் ஆரோவும் சேர்ந்து சந்தை முழுமைக்கும் அதனைப் பொருத்திக் காட்டினர். அக்காலத்தில் 'குவாசி' என்னும் பெயரே பிறக்கவில்லை. இரண்டும் ஓரினம் என்பதனைப் பிற்காலத்திலேதான் கண்டனர். எண்ணிறந்த விடைகளுள் ஒன்றைத் தேர்வதற்கு 1965-இல் ரோசன் என்பவர் ஒரு வழி வகுத்தார். பற்றாக்குறையின் உறுத்தலை இருவர்க்கும் ஒரே நிறையாக வைத்தால் மேற்சொன்ன வாய்க்காலில் 5-உம் 5-உமே கிடைக்கும். ஒருவர்க்கு மிகுத்தும் மற்றவர்க்குக் குறைத்தும் நிறையிட்டால் வேறு பங்கு கிடைக்கும். நிறையை இடுபவர் யார் என்று கேட்டேம். அது கணிதத்திற்குப் புறம்பு என்றார் தோழர். இவ்விடத்தில் கணிதத்தின்மேல் எமக்கு இருந்த அச்சம் நீங்கி நன்மதிப்பு உண்டாயிற்று. 8-உம் 2-உம் நிலைபெற்ற விடையாகலாம் என்று சொல்வதோடு அது நின்றுவிடுகின்றது. நேர்மையான விடை என்று சொல்லவில்லை. நிலைத்திருப்பதையே நேர்மைக்குச் சான்றாகக் காட்டும் மனிதர் பலரினும் இது நன்று.

மணற்குவியலுக்கும் இதே கணக்கு வருகின்றது என்பதனை மட்டும் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். உலர்ந்த மணலைச் சமதளத்தில் கொட்டினால் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்கு மேற்போகாது. மிஞ்சினால் மணல் சரியும். இஃது அசையா வேலி. மேடு பள்ளமுள்ள பாறை நிலத்தில் கொட்டினாலோ, பாறை தன்னளவில் எவ்வளவு செங்குத்தாயினும் இருக்கலாம். மணல் மூடிய இடத்திற்கே சரிவு வரம்பு உண்டு. எவ்விடத்தை மணல் மூடும் என்பது குவியலின் வடிவம் தெரிந்தாலன்றித் தெரியாது. இதனை லியோனித் பிரிகோழின் 1996-இல் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கியுள்ளார். அணைக்கட்டின் உள்ளே கசியும் நீரைப்பற்றிக் கிளவுதியோ பயோக்கி என்பவர் செய்த ஆராய்ச்சியிலும், அணையின் சுவர் செங்குத்தாக இருந்தால் வேலி அசையாதது, சாய்ந்திருந்தால் அசைவது.

பொருள் ஒருவாறு விளங்கினமையின் பெயருக்கு வருவோம். கணிதக் கழகத்தார் தாமே எழுதி வைத்திருந்த பெயர் 'போலி மாறுபாட்டுச் சமனிலி'. குவாசி என்னும் இலத்தீன் சொல் 'போல' என்னும் பொருட்டாகலின் அகராதிவழி இது பிழையன்று. ஆயினும் எமக்கு இது சிறிதும் உடன்பாடில்லை. இலக்கணத்தில் போலியாவது, அகம் என்பது அகன் என நின்றும் பொருள் மாறாமை. இங்கோ பொருள் முற்றும் மாறிவிட்டது. கடைத்தெருவிற் போலி என்றாலோ கள்ளச்சரக்கு. (தித்திக்கும் போளி வேறு.) இச்சமனிலி கள்ளச் சமனிலியன்று, உண்மையில் அது மற்றதனினும் கடியது. 'அரை' என்னும் அடைமொழியும் பொருந்தாது, இதில் பாதியாய் நிற்பது ஒன்றும் இன்மையின். ஒலியை அவ்வாறே எழுதிவிடலாம் என்றனர் சிலர். நிலையாப் பெயருக்கு அது தகும். ஆனால் 'குவாசி' என்பது தமிழ்ச் செவிக்கு ஒன்றையும் உணர்த்தாது, உணர்த்தத் தக்க கருத்தோ எம் ஊர்க் கடையிலே கிடக்கின்றது.

ஆதலின் 'தன்வரம்புச் சமனிலி' என்று பெயரிட்டேம். வரம்பு என்பது வயல் வரப்பையும் எல்லையையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல். தன்னாலாகிய வரம்பு தன்வரம்பு. எம் வகுப்புத் தோழர் ஒருவர் இப்பெயரைக் கேட்டு மகிழ்ந்து, இலக்கியத்தைக் கண்டு இலக்கணம் எழுந்தது, எழுந்த இலக்கணத்துக்குள் நின்று இலக்கியம் நடக்கின்றது, எனவே தமிழும் ஒரு தன்வரம்புச் சமனிலியே என்றார். அழகிய உவமைதான், எனினும் முழுதும் ஒவ்வாது. புலவனுக்கும் இலக்கண நூலாருக்கும் இடையே காலம் ஓடுகின்றது. பழைய பாட்டுக்கு எழுந்த விதி புதிய பாட்டைக் கட்டுகின்றது. சமனிலியிலோ நிற்பவனும் வேலியும் ஒரே நொடியில் ஒன்றையொன்று நிறுவுகின்றனர். ஆகவே விடை காணும் படிக்கட்டு முறைக்கு அவ்வுவமை பொருந்தும், விடைக்குப் பொருந்தாது.

எம் அறைத்தோழர் மட்டும் இப்பெயர்க்கு ஒரு தடை எழுப்பினார். கடையிலும் மணலிலும் 'தன்' சரியே. வாய்க்காலில் ஒருவருடைய எல்லையை ஆக்குவது மற்றவருடைய செய்கையாயிற்றே, அங்கே தன் என்பது யாரை என்றார். இருவர் எடுத்ததையும் ஒரு பொருளாக இணைத்து எழுதித்தானே நீவிர் கணக்குச் செய்கின்றீர், கணிதத்தார்க்கு அவ்விருவரும் சேர்ந்து ஒரே 'தான்' என்று யாம் விடையிறுத்தேம். அவர் சிறிது எண்ணி, கணிதத்தார்க்கு அஃது இசையும், அவ்விரண்டு உழவருள் 2 மணி நேர நீர் பெற்றவரைக் கேட்டால் இசைவாரோ என்றார். பெயர் பலகையில் ஏறிவிட்டது. இதற்கு மட்டும் எமக்கு இன்னும் விடை அகப்படவில்லை.